மொத்தத்துக்கு மேலே இருந்த இரண்டு வரிகள்

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கே ஒரு சிற்றூரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர் டெல்மர் பிங்க்கம். சாலை எது, பள்ளம் எது என்று புயலிலும் பிசகாமல் சொல்வார். காகிதம் என்றால்தான் ஆகாது. எந்தக் கடிதம் வந்தாலும் அடியில் உள்ள தொகையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மடித்து வைத்துவிடுவார்.

மகள் லெட்டிக்குக் கல்லூரியிலிருந்து படிப்புச் செலவுக்கான உதவிக் கடிதம் வந்தபோதும் அதையேதான் செய்தார். மேலே ஒரு வருடச் செலவு. அடியில் ‘மொத்த உதவி’ என்று தடித்த எழுத்தில் அதே தொகை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை வண்டியிலேயே செருகி வைத்துக்கொண்டு தபால் நிலையம், பெட்ரோல் பங்க் என்று ஊர் முழுக்கக் காட்டினார்.

அந்த ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தீயணைப்பு நிலையத்தில் ஊரார் காசு கொடுத்துச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து நடக்கும். அதில் சேரும் பணம் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போகும். அந்த வருடம் லெட்டிக்கு. நிதியைப் பார்த்துக்கொள்ளும் வைனோனா அவள் பெயரைச் சொன்னதுதான் தாமதம், டெல்மர் எழுந்து நின்றார்.

“எம் பொண்ணுக்கு வேணாம் வைனோனா. அவளுக்குத்தான் காலேஜே முழுசும் குடுத்துருச்சே! இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் குடு.”

கூடம் அதிரக் கை தட்டினார்கள். பணம் வெல்டிங் படிக்கப்போகும் இன்னொரு பெண்ணுக்குப் போனது. லெட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் அப்பன்.

அக்டோபரில் கல்லூரியில் பெற்றோர் தினம். வைனோனாவும் ஒரு பானை பீன்ஸோடு வண்டியில் தொற்றிக்கொண்டாள். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதால், இருவரும் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டு, எச்சில் தட்டை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார்கள். ரப்பர் கையுறை போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. ஆவிக்குள்ளே லெட்டியின் முகம்.

“நீ எங்கடி இங்க?”

“என் வேலைப்பா இது. கடிதத்துலயே இருக்கே. மொத்தத்துக்கு மேல ரெண்டு வரி. ஒண்ணு எம் பேர்ல கடன். இன்னொண்ணு இந்த வேலை. அது ரெண்டையும் உதவின்னே சேத்துத்தான் கூட்டியிருக்காங்க.”

“அப்ப சும்மா குடுத்தது?”

“பாதிதான்.”

ஊர் வாயையே அடைக்கிற வைனோனா பார்வையைத் திருப்பிக்கொண்டதுதான் அவரை அறுத்தது. மகள் தட்டுக் கழுவுவதில் அவருக்கு வெட்கமில்லை. அவர் வீட்டில் வேலைக்கு அஞ்சினவர் யாருமில்லை. மகளுக்கு வந்த பணத்தை எடுத்துக் கொடுத்து ஊர் நடுவே தாம் பெரிய மனிதராகிவிட்டோமே என்பதுதான் வெட்கம்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“கடிதம் வந்த அன்னைக்கே.”

“அப்புறம் நான் எந்திரிச்சப்ப சட்டையப் புடிச்சு இழுத்திருக்கலாமே, பாவி மகளே!”

“இழுக்கத்தான் கைய எடுத்தேம்பா. அதுக்குள்ள எல்லாரும் கை தட்டிட்டாங்க. நீ அவ்வளவு சந்தோசமா நின்ன.” பின்னால் தட்டுகள் குவிந்துகொண்டிருந்தன. அவள் திரும்பிவிட்டாள்.

மாலையில் இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். ஊர் எல்லை வந்ததும் வைனோனாதான் பேச்சை எடுத்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டெல்மர்.”

“தெரியும். நான் சொல்லிக்கிறேன்.”

அடுத்த விருந்தில் அவர் எழுந்து நின்றார். கடிதத்தை விரித்து, மொத்தத்துக்கு மேலே இருந்த இரண்டு வரிகளையும் தடுக்கித் தடுக்கிப் படித்தார். “நான் தொகைய மட்டும் பாத்துட்டேன். உங்க வீட்டுக்கு இந்த மாதிரிக் கடுதாசி வந்தா, பிள்ளையப் பக்கத்துல உக்கார வச்சு முழுசும் படிங்க,” என்றார்.

பிறகு உட்கார்ந்தார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.