சின்னக் குற்றம் என்றொரு வாதம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரேன் குபிக், தன்னைப் பலாத்காரம் செய்தவன் சிறைக்குப் போன பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள். மறுவருடம் அவன் மேல்முறையீடு செய்தான். பலாத்காரம் என்றில்லாமல், வெறும் தாக்குதல் என்ற சின்னக் குற்றமாகவும் தீர்ப்பளிக்கலாம் என்று, தீர்ப்புச் சொல்லும் ஜூரிகளிடம் நீதிபதி சொல்லவில்லையாம்; அதனால் அந்தத் தீர்ப்பே செல்லாதாம்.

"அவன் ஜெயிச்சா நான் திரும்பக் கூண்டுல ஏறணுமா?" என்று அரசு வக்கீல் மார்வினைக் கேட்டாள்.

"ஆமா லொரேன்."

"ஏறுறேன். நடந்ததுக்குச் சின்னப் பேரு வைக்க விடமாட்டேன்."

வசந்தத்தில் மார்வின் போன் செய்தார். "உன் சம்மதத்தோடதான் நடந்துச்சுன்னு அவனே சாட்சி சொன்னான்ல? சம்மதம்னா குற்றமே இல்ல, இல்லன்னா பலாத்காரம். நடுவுல வேற எதுக்கும் இடமில்லன்னு மேல்கோர்ட்டுல சொல்லிட்டாங்க. தண்டனை அப்படியே நிக்குது."

லொரேன் காலிப் பேருந்தில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பினாள்.