இடது கால் இழுபட்ட படம்

காளிதாஸ் இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் வீட்டில் வேலை செய்தார். தோட்டத்து ஜனங்களைச் சிரிக்க வைத்த நாலு கட்டப் படங்களை வரைந்தவரும் அவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்தப் பக்கத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே சிரித்தார்கள்.

படத்தை அச்சடிக்க மரக்கட்டை வாங்க அவருக்கு வசதியில்லை. கழித்துப் போட்ட ஷீட்டுத் துண்டுகளைச் சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக் கட்டையாக்குவார். எண்ணெய் தடவிய தாளில் படத்தை வரைந்து, தாளைக் குப்புறப் போட்டு, கோடுகளை ரப்பரில் பதிப்பார். பிறகு மரத்தில் பால் வெட்டும் கத்தியின் முனையால் செதுக்குவார். குப்புறப் போட்டால்தான் அச்சில் படம் நேராக வரும். கடைவீதியில் காகிதக் கடை வைத்திருந்த ஹலீம், கீழே வரும் வரியை ஈய எழுத்தில் கோர்த்து, தன் கைமெஷினில் அடித்து, ஞாயிறுதோறும் கூடும் சந்தையான பொலவில் விற்பார்.

படங்களில் வரும் ஆள் எப்போதும் ஒருவன்தான். வலது காலை இழுத்து நடப்பான். அவனைக் கடித்த அட்டை, வயிற்றுவலி தாங்காமல் டிஸ்பென்சரிக்குப் போகும். அவன் பெயரைச் சொன்னால் பேய் பிடித்தவளை விட்டுப் பேயே ஓடிவிடும். அது தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி என்று எல்லோருக்கும் தெரியும். கங்காணிக்கு வலது கால் ஊனம்; எப்போதும் கோட்டும் குடையுமாகத்தான் திரிவார். ஆனால் காளிதாஸ் அவனுக்குக் கோட்டும் போடவில்லை, குடையும் கொடுக்கவில்லை. வெறும் வேட்டி, தலைப்பாகை. யாராவது கேட்டால் "அது யாரோ" என்று சொல்லித் தப்பிக்கலாம். வேலை போகாமல் இருக்க அவர் கண்ட வழி அது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்திய வாரம் ஹலீம் அவசரப்படுத்தினார்.

"தம்பி, இந்தக் கெழம எல்லாரும் கையில சல்லியோட வருவாங்க. கட்டையத் தாங்க, அடிச்சி வைக்கிறேன்."

எண்ணெய்த் தாள் தீர்ந்துபோயிருந்தது. காளிதாஸ் ரப்பர் மேலேயே நேராக வரைந்து, செதுக்கிக் கொடுத்துவிட்டார். நொண்டி ஆள் ரப்பர் ஷீட்டுகளைத் திருடி வயிற்றில் சுற்றிக்கொண்டு போகிறான். கட்டத்துக்குக் கட்டம் தொப்பை பெரிதாகிறது. கடைசிக் கட்டத்தில் தோட்டத்துத் துரை கேட்கிறார்: "உனக்கு எத்தனை மாதம்?"

பொலவில் அன்று வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் கங்காணியின் பக்கம் பார்க்கவில்லை. கருவாட்டுக் கடையருகே நின்ற சடையாண்டியைப் பார்த்தார்கள். அவர் தோட்டத்து ஸ்டோர்க் காவல்காரர். லயத்தில் காளிதாஸின் பக்கத்து அறையில், அடுத்த காம்பிராவில் குடியிருந்தவர். மரம் விழுந்து இடது கால் வளைந்தவர்.

"என்னாண்ணே, எத்தன மாசம்?" என்று ஒருவன் கேட்டான்.

"வளகாப்புக்கு எங்களையும் கூப்புடுங்க!" என்றாள் ஒருத்தி.

காளிதாஸ் ஒரு தாளைப் பிடுங்கிப் பார்த்தார். நேராக வரைந்த படம் அச்சில் திரும்பி, இடது கால் இழுபட்டிருந்தது.

மறுநாள் காலை கங்காணி அந்தத் தாளைத் துரையிடம் கொண்டுபோனார். "ஊரே சொல்லுதுங்க தொரை. ஸ்டோர்ல ஷீட் கொறையிறது இவனாலதான்." மத்தியானத்துக்குள் சடையாண்டியை வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டு எழுதியாயிற்று. குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும்.

காளிதாஸ் பங்களாவுக்கு ஓடினார். கங்காணியும் அங்கே நின்றார்.

"தொரை, அது சடையாண்டி இல்லீங்க. பெரிய கங்காணியத்தான் போட்டேன். கட்டையத் தப்பா வெட்டிட்டேங்க."

துரை தாளைப் பார்த்தார், கங்காணியின் காலைப் பார்த்தார், சிரித்தார். கங்காணியும் கூடச் சிரித்தார். "இவன் எப்பவும் இப்புடித்தாங்க, பகிடிக்காரப் பய. எனக்கு வலது காலுங்க. கோட்டு இல்லாம என்னையத் தொரை பாத்திருக்கீங்களா?"

தான் தப்பிப்பதற்காகக் காளிதாஸ் வரையாமல் விட்ட கோட்டும் குடையும் இப்போது கங்காணியைத் தப்ப வைத்தன.

காம்பிராவில் சடையாண்டி சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிப் பாத்தேண்ணே. நம்பல."

"நான் நம்புறேன்டா. நீ அவனத்தான் வரைஞ்ச. அவனுக்குப் பயந்துதான் ஆள மறைச்ச. இத்தன நாளு நானும் சிரிச்சவன்தானே."

"சிரிச்சதெல்லாம் போதும், பானையப் புடிங்க" என்றாள் அவர் மனைவி மருதாயி.

அவர்கள் போன பிறகு காளிதாஸ் அதே படத்தை மறுபடி செதுக்கினார். இந்தத் தடவை கோட்டு, குடை, வலது கால். கீழே தன் பெயரையும் கோர்க்கச் சொன்னார்.

"இத அடிச்சா ஒங்களுக்கும் சீட்டுத்தான்" என்றார் ஹலீம்.

"அடிங்க ஹலீம் நானா."

அந்த ஞாயிறு பொலவில் யாரும் சிரிக்கவில்லை. வாங்கியவர்கள் கோட்டையும் குடையையும் கண்டதும் தாளை மடித்து, கீரைக் கட்டுக்கு அடியில் மறைத்தார்கள். பலர் தொடவே இல்லை. மறுநாள் காளிதாஸுக்கும் வேலை போயிற்று.

நிவித்திகல, கலவான என்று தோட்டம் தோட்டமாக அவர் சடையாண்டியைத் தேடிப் போனார். எங்கேயும் புது ஆளுக்கு லேசில் வேலை கொடுக்கமாட்டார்கள். கால் வளைந்தவனுக்கு யார் கொடுப்பார்கள்? மழைக்காலம் முடிகிற சமயம் கலவானவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருதாயியைக் கண்டார். காய்ச்சல் கண்டு சடையாண்டி செத்துப்போயிருந்தார்.

காளிதாஸ் இரண்டாவதாக அடித்த தாளை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருதாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கங்காணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மொதல்லயே இப்புடிப் போட்டிருந்தா என்னா தம்பி?" என்றாள். தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஹலீம் அதன் பிறகு பலமுறை ஆள் அனுப்பிக் கேட்டார். காளிதாஸ் படம் எதுவும் செதுக்கித் தரவில்லை.