ரிப்பன் அறுந்த சனிக்கிழமை

முஸ்தகீமின் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னது ஒரு வியாழக்கிழமை. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வார்டில் சேர்ந்துவிட வேண்டும். அறையை விட்டு வெளியே வந்ததும், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தீபிகா என்ற பெண் நஜ்மாவைத் தனியே கூப்பிட்டு இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தாள். இருநூறு வாக்கியங்கள்.

"இதையெல்லாம் உங்க வூட்டுக்காரர் குரல்லயே பதிஞ்சு வச்சுக்குங்க மேடம். ஆபரேஷனுக்கு அப்புறம் போன்ல தொட்டா அவர் குரல்லயே பேசும். சும்மா போன்ல பதிஞ்சாலே போதும்."

"போன் எதுக்கும்மா? பதியறதுதான் என் தொழிலே" என்றாள் நஜ்மா. சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை நினைத்து அவள் பிறகு பலமுறை வெட்கப்பட்டாள்.

பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்பார்மர் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அறுக்காமல் சுற்றப் பழகிய கை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் முஸ்தகீம்தான் கண்டக்டர். படிக்கட்டில் நின்று அவன் ஸ்டாப்பிங் பேர் சொன்னால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்துகொள்வார். ஆனால் யாருக்கும் காது கூசாது. அடிவயிற்றிலிருந்து உருண்டு வருகிற குரல். "எந்தங்கச்சி மாப்பிள்ளய பாக்கவே இல்ல, கேட்டுட்டு சரின்னுட்டா" என்று அவள் அண்ணன் பைசல் நிக்காஹ் அன்றைக்கே கிண்டல் செய்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டின் சின்ன அறையை ஸ்டுடியோவாக மாற்றினாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம் என்று ஏதாவது வந்துகொண்டிருந்தது. மூன்று மைக்குகள் வைத்திருந்தாள். அவற்றில் ஒன்று, மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய ரிப்பன் மைக்.

அதற்குள்ளே இரண்டு காந்தங்களுக்கு நடுவில், சின்னச் சின்னச் சுருக்கம் வைத்த அலுமினியப் பட்டை ஒன்று தொங்கும். நெல்மணி நீளம்கூட அகலம் இருக்காது. மிட்டாய் சுற்றுகிற தாள் அதற்கு முன்னால் கம்பளி. ஆள் பேசினால் அந்தப் பட்டை அசையும். அந்த அசைவுதான் ஒலி. ஆகவே ஊதிப் பார்க்கக்கூடாது. பக்கத்தில் கதவை அறைந்து சாத்தக்கூடாது. படுக்கவைத்தால் பட்டை தொய்ந்துவிடும் என்பதால் நிமிர்த்தியேதான் வைக்கவேண்டும். இடம் மாற்றும்போது காற்றுப் படாமல் துணிப்பை மாட்டவேண்டும். கீழே கிரில் பட்டறை ஒன்று இருந்ததால் நஜ்மா வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பையைக் கழற்றியதே இல்லை. பறந்து வரும் இரும்புத்தூள் ஒட்டினால் காந்தம் அதை விடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாற்பத்தெட்டு வோல்ட். மற்ற இரண்டு மைக்குகளுக்கும், மைக்கெல்லாம் வந்து சேர்கிற மிக்சர் பெட்டியிலிருந்து அந்தக் கரண்டை அனுப்பினால்தான் உயிர் வரும். ரிப்பன் மைக்குக்கு அதை அனுப்பவே கூடாது. கேபிள் நன்றாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போன கேபிளாக இருந்தால் பட்டை ஒரே உதறலில் அறுந்துவிடும். வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஓயாமல் சொன்ன பாடம் அது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் உட்கார்ந்தார்கள். ஆறு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்த குரல். மைக்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மூச்சு நேராக மோதாதபடி கொஞ்சம் சாய்வாக அவனை உட்காரவைத்தாள். "எனக்கு வலிக்குது." "ஜன்னலத் தொற." "டாக்டரக் கூப்பிடு." தாளில் இருந்தவை எல்லாமே நோயாளி பேசுகிற பேச்சு. நஜ்மா ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மைக் கரகரப்பை மழுக்கி, அடியில் மிச்சமிருந்த பழைய கனத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது. பஸ் படிக்கட்டில் நின்றவன் இன்னும் உள்ளே இருந்தான். பதினேழு வாக்கியம் முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொண்டார்கள். மகள் ஜோயாவை பைசல் வந்து பூந்தமல்லிக்கு அழைத்துப்போனான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நஜ்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ரிப்பன் மைக்குக்கு ஓரளவு சத்தமாகப் பேசவேண்டும். மற்ற மைக் முணுமுணுத்தாலே பிடித்துக்கொள்ளும். தொண்டைக்குச் சிரமம் குறையும். மாற்றி மாட்டினாள், நாற்பத்தெட்டு வோல்ட்டைப் போட்டாள், பதிந்து அவனுக்குப் போட்டுக் காட்டினாள்.

முஸ்தகீம் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"யாரு இது?"

"நீங்கதாங்க."

"இது நான் இல்ல நஜ்மா. தகரத்த தேக்கிற மாதிரி கீது. இதத்தான் எம்பொண்ணு கேட்டுகினு இருக்கணுமா?"

"சரிங்க, பழையதே போட்டுடறேன். தொண்டைய வருத்தாதீங்க."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக ஒரு கேபிளை எடுத்தாள். உள்ளே கம்பி விட்டுப்போனதால் சால்டர் வைக்கவேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த கேபிளே கையில் வந்தது. ரிப்பன் மைக்கில் செருகினாள். மிக்சர் பக்கம் திரும்பவில்லை. ஹெட்போனில் 'டொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

மைக்கின் வலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பட்டை நடுவில் அறுந்து, இரண்டு முனையும் சுருண்டு காந்தத்தில் சாய்ந்து கிடந்தன. மிக்சரில் நாற்பத்தெட்டு வோல்ட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு?"

ஏழு வருஷமாக ஊர் முழுக்கச் சொன்ன எச்சரிக்கையைத் தானே மறந்து, இந்த ஒரு நாளில் கோட்டைவிட்டதை என்னவென்று சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். முஸ்தகீம் எழுந்து வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

அந்தத் தகரக் குரல் மைக்கில் பேச அவன் ஒத்துக்கொள்ளவில்லை; பழுது பார்க்கிறவர்களுக்குப் போன் போட்டாள். வடபழனியில் ஒருவர் அந்த மைக்கைத் தொடவே மாட்டேன் என்றார். மும்பைக்காரர் அனுப்பி வையுங்கள், மூன்று வாரம் ஆகும் என்றார். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் அவருக்குக் குரல் இருக்கு சார்" என்று நஜ்மா தமிழிலேயே கத்தினாள். அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மதியம் சாப்பிடாமல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடினாள். பழைய பட்டறையை இப்போது நடத்துவது ராஜகுமாரி. ஒரு காலத்தில் இவளுக்குப் பக்கத்து மேஜையில் கம்பி சுற்றியவள்.

"இன்னாடி இது கோலம்? முஸ்தகீம் அண்ணனுக்கு எதுனா…?"

நஜ்மா நடந்ததைச் சொன்னாள். ராஜகுமாரி கேட்டாள்: "இன்னா வேணும், அத்த மட்டும் சொல்லு."

"மெல்லிசான அலுமினியத் தகடு. சமையல் ரோலு ஆவாது, கனம் ஜாஸ்தி."

ராஜகுமாரி பின்கட்டுக்குப் போய்க் கழித்துப்போட்ட பழைய எண்ணெய்க் கண்டென்சர்கள் இரண்டை எடுத்து வந்தாள். பழைய மாடல், உள்ளே காகிதத்தோடு சேர்த்து அலுமினியத் தகட்டையும் சுருட்டி வைத்திருப்பார்கள். கிழித்துப் பார்த்தார்கள். மூச்சு விட்டால் பறந்தது. அசல் பட்டையைவிட இரண்டு மடங்கு கனம்தான். சுருக்கம் வைப்பதற்கு, கம்பி எத்தனை சுற்று என்று எண்ணும் மிஷினிலிருந்து இரண்டு நைலான் பல்சக்கரங்களைக் கழற்றித் தந்தாள் ராஜகுமாரி.

"இங்கயே குந்தி பண்ணேன். நானும் கூட இருக்கேன்."

"வேணாண்டி. இங்க தரை பூரா இரும்புத்தூளு. இங்க தொறந்தா காந்தம் அல்லாத்தையும் இழுத்துக்கும்."

வீட்டுக்கு வந்து தகட்டின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுப் பார்த்தாள், கோணலாக ஓடியது. இந்தக் கையோடு தொட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று அவளுக்கே தெரிந்தது. விடியட்டும் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஜன்னலையெல்லாம் சாத்தி, மின்விசிறியை அணைத்து, துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மே மாத வெயில். இரும்புச் சாமான் எதையும் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. பல் குத்தும் குச்சிகள் இரண்டும் ஒரு பித்தளை ஸ்க்ரூடிரைவரும்தான் கருவிகள். கண்ணாடிமேல் தகட்டை வைத்து ஸ்பிரிட்டால் எண்ணெய் துடைத்து, புது பிளேடால் கீறினாள். பல்சக்கரங்களுக்கு நடுவில் விட்டு எடுத்தாள். முதல் பட்டை, முனையைப் பிடிக்கும் திருகாணியை இறுக்கும்போது முறுக்கிக்கொண்டு கிழிந்தது. இரண்டாவது கோணலாக உட்கார்ந்து ஒரு பக்கக் காந்தத்தை உரசியது. மூன்றாவதைப் பொருத்தப்போகும்போது நெற்றி வியர்வை ஒரு சொட்டு சரியாக அதன் மேலேயே விழுந்தது.

முஸ்தகீம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையை மிச்சம் பிடிக்கக் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "யா அல்லாஹ், இத்த மட்டும்" என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஐந்தாவது பட்டை நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் மயிரிழை இடைவெளி.

கேபிளை மாற்றினாள். சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். மணி இரண்டேகால்.

"பேசுங்க."

"எனக்கு வலிக்குது" என்றான் முஸ்தகீம்.

ஒலி முன்பைவிட மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. ஆனாலும் அவன்தான். நஜ்மா தலையை ஆட்டினாள்.

நான்கு மணிவரை முப்பத்தெட்டு வாக்கியங்கள். அதற்குப் பிறகு குரல் நூலாக இளைத்தது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, "இதுல இல்லாதது எதுனா சொல்லணும்னா சொல்லுங்க" என்றாள். அவனுக்குப் புரிந்தது. மகளின் பெயரை மட்டும் அவன் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். இப்போது சொன்னான். காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னான். மறுபடியும் காற்று. நான்காவது தடவை கழுத்து நரம்பு புடைத்தது; அவள் போதும் என்று கையைக் காட்டினாள். அவன் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை 'ஜோ' என்பது முழுக் குரலில் வந்தது. மிச்சம் மூச்சோடு போய்விட்டது.

"நேத்தே இத்த சொல்ல வச்சிருக்கணும். என்னாலதாங்க" என்றாள் நஜ்மா. அவன் மறுத்துத் தலையசைத்தான். ஆனால் அவள் கண்ணைப் பார்க்காமல் அசைத்தான். ஐந்தே முக்காலுக்கு வார்டில் இருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தின் கீழே ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். பதிந்த வாக்கியங்களை நஜ்மா போனில் ஏற்றிக் கொடுத்தாள். முஸ்தகீம் ஒரே ஒருமுறை ஒரு பொத்தானைத் தொட்டுக் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சிலேட்டில்தான் எழுதினான். ஜோயாவோ அந்த 'ஜோ'வைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பாள். ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேவிட்டாள்: "ஏம்மா, மீதிய யாரு தின்னுட்டாங்க?" நஜ்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பெண் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஏப்பம் விடுகிற மாதிரி காற்றை விழுங்கி, அதிலிருந்து சத்தம் எடுக்கத் தீபிகா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. அவன் சிலேட்டை ஒரு தடவை சுவரில் வீசி உடைத்தான். நஜ்மா புதுச் சிலேட்டு வாங்கி வந்தாள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"டீ."

அவள் திரும்பினாள். முஸ்தகீம் தன் சத்தத்துக்குத் தானே பயந்துபோன முகத்தோடு வாசலில் நின்றான்.

"இன்னாங்க?"

"டீ" என்றான் மறுபடியும்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாலை அடுப்பில் ஏற்றினாள் நஜ்மா. "சக்கரை போடவா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாள்.