கட்டிப்பிடிக்காத நாள்

ரயீசா கண்ணில் பட்டால் கட்டிப்பிடிக்காமல் விடமாட்டாள். அந்த உக்ரைன் கிராமத்துக்கு இருக்கிற ஒரே நர்ஸ் அவள்தான். ஊசி போட்ட கையோடு மூச்சுமுட்ட அணைத்துக்கொள்வாள். ஆனால் குளிர்காலத்தில், ஆற்றின் அக்கரைக்கு நிவாரண வேன் வரும் நாளில் மட்டும் யாரையும் கிட்டே சேர்க்கமாட்டாள். இன்சுலின் உறைந்தால் வீண் என்பதால் சீசாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு வருவாள்.

"தள்ளி நில்லுங்கப்பா, அம்மணி பிள்ளைத்தாச்சி!" என்று டிராக்டர் ஓட்டும் பனாஸ் கேலி செய்வான். ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் அந்த மருந்து. இருந்தும் வாய் அடங்காது.

ஜனவரியில் ஒருநாள் அவன் மனைவி ஒதார்கா ஓடிவந்தாள். பனாஸ் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறானாம், எழுந்து நடக்கவும் தெம்பில்லையாம். ரயீசா போய்ப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். ஊசியோ வேளை தவறாமல் போட்டிருக்கிறார்கள்.

"மருந்தை எங்கடி வெச்சிருக்க?"

"கரண்டுதான் இல்லையே அக்கா, ஃப்ரிட்ஜ் ஓடல. நீதானே குளிர்ச்சியா வைன்னு சொன்ன? ஜன்னல்ல வெச்சேன்."

குளிருக்காக ஜன்னலில் இரட்டையாகப் போட்ட கண்ணாடிகளுக்கு நடுவே, வெண்ணெய்க்கும் உப்புப் போட்ட பன்றிக்கொழுப்புக்கும் பக்கத்தில் சீசா இருந்தது. பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாமான் எல்லாம் இருக்கிற இடம் அதுதான். இரவெல்லாம் உறைந்து, பகலில் உருகி, மருந்து சத்தற்றுப் போயிருந்தது.

"கொழுப்பு பத்திரமா இருக்கு. புருஷன்தான் கெட்டுப்போறான்!" என்று கத்தினாள் ரயீசா. ஒதார்கா அழத் தொடங்கியதும் அவளுக்கே பாவமாகிவிட்டது.

நல்ல வேளையாக அன்றைக்கு வேன் வரும் நாள், அக்கரையில் நின்றது. நடுவில் பாலம் இல்லை, போரில் குண்டு விழுந்து போய்விட்டது. ஆறு உறைந்திருந்தது, ஆனால் முந்தின நாள் வெயிலில் பனிக்கட்டி மெலிந்திருந்தது. இன்றைக்கு விட்டால் வேன் அடுத்த வாரம்தான் வரும், அதுவரை பனாஸ் தாங்கமாட்டான். ரயீசா ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

போனது சிரமமில்லை. சீசாவை வாங்கி நெஞ்சில் வைத்துத் திரும்பும்போது பாதி ஆற்றில் காலடியில் 'படக்' என்றது. விரிசல் விட்டால் குப்புறப் படுத்து ஊர்ந்து வா என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். குப்புறப் படுத்தால் சீசா நொறுங்கும். அவள் மல்லாந்து படுத்தாள். வானத்தைத் திட்டிக்கொண்டே குதிகாலால் உந்தி உந்திக் கரை வந்து சேர்ந்தாள். முதுகெல்லாம் நனைந்து விறைத்தது. நெஞ்சு மட்டும் சூடாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பனாஸின் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது.

"பிரசவம் சுகமா ஆச்சா அம்மணி?" என்று கட்டிலிலிருந்து ஈனக்குரலில் கேட்டான். பிழைத்துவிட்டான் என்று ரயீசாவுக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று. கண் நிறைந்தது. கையை விரித்துக்கொண்டு ஒதார்காவிடம் போனாள்.

ஒதார்கா சட்டென்று பின்வாங்கி நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கிட்ட வராத அக்கா! மருந்து இங்க இருக்கு."