சீனியரின் காய்ச்சல்

புதுச்சத்திரத்து லாரி டிரைவர் மகள் நர்மதா சட்டம் படித்து முடித்து ஆறு வருடமாகிறது. அத்தனை வருடமும் சேலம் அஸ்தம்பட்டியில் தங்கமுத்து வக்கீலிடம் ஜூனியர். "தொழில் கத்துக் குடுக்கறேன்" என்றுதான் சேர்த்துக்கொண்டார் மனுஷர். கற்றுக்கொடுத்ததோ ஒன்றே ஒன்று, வாய்தா வாங்குவது. எந்த நீதிபதியிடம் எந்த நோயைச் சொன்னால் வழக்கு அடுத்த தேதிக்குத் தள்ளிப்போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. சீனியருக்கு வயிற்றுப்போக்கு, சீனியருக்கு முதுகுவலி. அவர் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருப்பார். ஒரு சாட்சியைக்கூட அவளை விசாரிக்க விட்டதில்லை. டைஃபாய்டு வந்தபோதும் லீவு கிடையாது. அந்த உடம்போடு கோர்ட்டில் நின்று, சீனியருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். இதற்குப் பெயர் பயிற்சியாம்!

அன்றும் அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கோர்ட் வராந்தாவிலிருந்து சீனியருக்குப் போன் போட்டாள். அவர் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"செல்லாயி கேஸா? எனக்குக் காய்ச்சல்னு சொல்லி வாய்தா வாங்கிப்போடு."

"எனக்குத்தானுங்க சார் காய்ச்சல். இதுதான் கடைசி வாய்ப்புன்னு ஜட்ஜம்மா போன தடவையே சொல்லிட்டாங்க. இன்னைக்குக் குறுக்கு விசாரணை பண்ணலைன்னா அந்தம்மாவுக்கு ஊடு போயிருமுங்க."

"சின்ன வயசு, தாங்குவே. சொன்னதச் செய்யி." போனை வைத்துவிட்டார்.

செல்லாயியிடம் கைநாட்டு வாங்கி வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட மகன் சிவக்குமார், கூண்டில் ஏறக் காத்திருந்தான். செல்லாயி வந்து நர்மதாவின் கையைப் பிடித்தாள்.

"ஏஞ்சாமி, கையி இப்பிடிச் சுடுது?"

ஆறு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள், வீட்டைப் பறிகொடுத்து நிற்கிற இந்தக் கட்சிக்காரிதான். நர்மதாவுக்குச் சீனியர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். "உங்க சீனியருக்கு இன்னைக்கு என்ன?" என்றார் நீதிபதி.

"நல்லா இருக்கார், யுவர் ஆனர். கல்யாணத்துக்குப் போயிருக்கார். வக்காலத்தில் என் பேரும் இருக்கு. நானே விசாரிக்கிறேன்."

நீதிபதி தலையசைக்க, சிவக்குமார் கூண்டில் ஏறினான்.

"அம்மாவை நல்லாப் பாத்துக்கிட்டீங்களா?" என்று சிவக்குமாரைக் கேட்டாள்.

"பின்னே? கண்ணு ஆபரேசன் பண்ணி, கட்டோட நாந்தானுங்க ஊட்டுக்குக் கூட்டியாந்தேன்."

"எப்போ?"

"பத்திரம் பதிஞ்சதுக்கு மொத நாளுங்க."

"அப்ப அந்தப் பத்திரத்தை அவங்களுக்கு யார் படிச்சுக் காட்டினது?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். "என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்று அதட்டினாள்.

"யாரும் படிக்கலீங்க."

நீதிபதி அதை வார்த்தை மாறாமல் பதியச் சொன்னார்.

அவள் வெளியே வருவதற்குள் சேதி கல்யாண மண்டபத்துக்கே போய்விட்டது. "யாரைக் கேட்டு விசாரிச்சே? நாளைக்கு என் ஆபீஸ் பக்கம் வந்துராதே!" என்று போனில் கத்தினார் தங்கமுத்து.

"வர மாட்டேனுங்க சார். காய்ச்சல்."