மழைக்கு முன் மாட்டவும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. காரின் எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி அது. ஒரு பக்கம் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் மூன்று சொற்கள்: மழைக்கு முன் மாட்டவும். எழுதியவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். அந்த எழுத்து வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். பெட்ரோல் தொட்ட துணியால் ஒரே நிமிடத்தில் அழித்திருக்கலாம். துணியோடு நான்கு முறை ஏணியில் ஏறவும் செய்தேன். நான்கு முறையும் பெட்டியைத் தொடாமல் இறங்கிவிட்டேன். தூக்கிப் போடவும் கை வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயந்த சுபாவம்.

மச்சானுக்குச் சொந்த ஊர் படாளம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். வாசலில் நிற்கும் என் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பானெட்டைத் திறந்து மூடிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். "அண்ணே, நான் உள்ளதான் இருக்கேன், வண்டிக்குள்ள இல்ல" என்று என் மனைவி கத்துவாள். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு என் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அவளுக்கு அப்போது நாலு வயது. அவள் பிறந்ததிலிருந்தே, தன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அடிக்கடி வீசிங் வந்ததால் அது தள்ளிக்கொண்டே போனது.

நாங்கள் இருப்பது பூஞ்சேரியில். சுற்றிலும் சிலை செதுக்கும் பட்டறைகள். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கல் தூள். அந்த வருடம் கோடையில் கார் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏசி போட்டால் மேட்டில் ஏறவே யோசித்தது. மச்சான் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த காகித ஃபில்டரை எடுத்துத் தரையில் தட்டினார். அரைப் படி மாவு போலக் கொட்டியது. "இன்னா மாப்ள, வண்டி ஓட்டினுகிறியா, கல் குவாரி நடத்தினுகிறியா?" என்றார். புதுக் காகித ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாவலூரில் என் அலுவலகத்தில் ஒருவன் தன் காருக்குக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் போட்டிருந்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் புலி உறுமுவது போல ஒரு சத்தம் வரும். எனக்கும் அது வேண்டும் என்று மச்சானைத் தொந்தரவு செய்தது நான்தான். ஆசைப்பட்டது நான், மாட்டியது அவர். இந்த வரிசையை நான் பிற்பாடு மறைத்துவிட்டேன் என்பதால் இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து மாட்டினார். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு குழாயைக் கீழே இறக்கி, முன்பக்க பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தக் கூம்பை வைத்தார். "எஞ்சின் பக்கத்துல சூடு காத்து, மாப்ள. கீழ ஜில்லுனு வரும், வண்டி நல்லா இழுக்கும். ஆனா ஒண்ணு, தண்ணியும் கீழதான் வரும். அந்தக் கூம்பு தண்ணிக்குள்ள பூட்சின்னா, காத்துக்குப் பதிலா எஞ்சினு தண்ணியக் குடிச்சிடும். குடிச்சா அதோட காலி. ஆயுத பூஜைக்கு வண்டிய எடுத்தாந்துடு, பழசையே மாட்டித் தரேன். பொங்கலுக்கு அப்புறம் திரும்பவும் இத்தப் போட்டுக்க." நான் மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து கம்பெனியில் பாகங்களில் குறி போடும் பேனாவை எடுத்து, பெட்டியில் அந்த மூன்று சொற்களை எழுதி, டிக்கியில் வைத்தார். எழுதி முடித்து ஊதிக் காய வைத்தது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். ஆயுத பூஜை அன்று காலையில் அவர் போன் செய்தார்: "மாப்ள, வண்டி இன்னும் வர்ல?" அலுவலகத்தில் அவசர வேலை என்று பொய் சொன்னேன். நாவலூர் சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அந்த உறுமலை மூன்று மாதத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாசலிலேயே காருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்துப் பரணில் போட்டேன். எலுமிச்சம்பழம் போதும் என்று நினைத்த பொறியியல் பட்டதாரி நான்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் கரண்ட் போனது. பத்து மணிக்கு மகளுக்கு வீசிங் ஆரம்பித்தது. வீட்டில் மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் இருந்தது, அதை ஓட்டக் கரண்ட் இல்லை. பதினொரு மணிக்கு அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. "அப்பா" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு இழுத்து, "தண்ணி" என்றாள். தொண்டைக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அவளை எப்போதும் பார்க்கும் டாக்டர் செங்கல்பட்டில் இருந்தார். மனைவி அவளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் உட்கார, நான் திருக்கழுக்குன்றம் வழியாக ஓட்டினேன். கிளம்பும்போதே பரண் ஞாபகம் வந்தது. இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு தரைப்பாலத்தின் மேல் ஏரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் என்னுடையதைப் போலவே ஒரு கார், அதே மாடல், நிறம் மட்டும் வேறு. மெதுவாக இறங்கி, அரைச் சக்கரம் மூழ்க, மெதுவாக அக்கரை ஏறிப் போனது. "அந்த வண்டி போயிடுச்சுங்க, நீங்களும் போங்க" என்றாள் மனைவி. அந்தக் காரின் பெட்டி அதன் இடத்தில், உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த நிமிடம்கூட வண்டியை நிறுத்தி உண்மையைச் சொல்லி வேறு வழி பார்த்திருக்கலாம். பின்னால் மகளின் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டேன்.

பாதியில் உறுமல் மாறியது. தொண்டையில் தண்ணீர் சிக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம் ஒரே ஒரு முறை. வண்டி நின்றது. சாவியைத் திருப்பினேன், "டக்" என்றது. மறுபடி திருப்பினேன், இன்னொரு "டக்". திருப்பத் திருப்ப எஞ்சின் இன்னும் கெடும் என்று மச்சான் சொல்லியிருந்தும் திருப்பிக்கொண்டே இருந்தேன். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கால் மிதியடிக்கு வந்தது. பின்னால் மனைவி மகளின் மூச்சை வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தது அது, நிமிடத்துக்கு எத்தனை என்று. எண்ணிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நான்கு விநாடிகள் நான் கண்ணாடியில் ஓடும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம். பிறகு மறுபடி அந்த விசில் கேட்டது, மனைவி எண்ணிக்கையை விட்ட இடம் தெரியாமல் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கண்டக்டர் பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி வந்தார். "இன்னா சார், நட்ட நடுவுல வண்டிய நிறுத்திக்கினு..." என்று ஆரம்பித்தவர் பின் சீட்டைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "கொழந்தைய இப்டிக் குடுமா. சார், வண்டிய வுட்டுட்டு எறங்கு. வண்டி எங்க பூடும்?" பஸ் எங்கள் காரை உரசாத குறையாகத் தாண்டியது. வழியில் கைகாட்டியவர்களுக்கு நிற்காமல், நிறுத்தங்களில் நிற்காமல், நேராகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. உள்ளே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குழந்தைக்குக் காற்று வேண்டும் என்று மழை அடிக்க அடிக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் மனைவி என் பக்கம் திரும்பினாள். "அதே மாதிரி வண்டி முன்னாடி போச்சே. நம்ம வண்டி மட்டும் ஏங்க நின்னுச்சு?"

"உங்கண்ணன் மாட்டின ஃபில்டர்தான். தண்ணிய இழுத்துடுச்சு" என்றேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பாதி உண்மையை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை, பயத்தில் வாய் தானாக அங்கே ஓடி ஒளிந்துகொண்டது. செய்தி கேட்டு மச்சான் ஷிப்டிலிருந்து நனைந்த யூனிபாரத்தோடு ஓடி வந்தார். மனைவி அவரை வார்டுக்குள் விடவில்லை. "உன் வண்டிப் பைத்தியத்துக்கு என் புள்ளதான் கெடச்சாளா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரை ஓட்டின் விரிசலைப் பார்த்தேன். நான் பேசுவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "ஆமாம்மா, நான்தான் மாட்டுனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்த தை மாதம் காது குத்தினோம். மகள் என் அண்ணன் மடியில் உட்கார்ந்தாள். மச்சானுக்கு அழைப்பு இல்லை. கோயில் மதிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அவர் பைக் நின்றதைப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் பழைய பெட்டியைக் கேட்டபோது, தொலைந்துபோய்விட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கி மாட்டினேன். உறவுக்காரர் கல்யாணங்களில் அவரும் என் மனைவியும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டால் எனக்குச் சாதம் இறங்காது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. அவர் சொல்லவேயில்லை. அவர் சொல்லாமலிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அது என்னை இன்னும் பயமுறுத்தியது. என் மனைவி, கூடப் பிறந்த ஒரே ஆளை, என் பயத்தால் இழந்துகொண்டிருந்தாள்.

இந்த வருடம் போகிக்கு முந்தின நாள் பரணை ஒழித்தோம். பதின்மூன்று வயது மகள்தான் ஏணியில் நின்றாள். அவள் கை அந்தப் பெட்டிப் பக்கம் போனதும், "அதத் தொடாத!" என்று கத்திவிட்டேன். கத்தாமல் இருந்திருந்தால் அவள் கவனித்தே இருக்க மாட்டாள். எடுத்துத் திருப்பி, தூசியை ஊதி, சத்தமாகப் படித்தாள். "யார் எழுத்துப்பா இது?"

கீழே நின்ற மனைவி வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இத எப்ப எழுதினாரு?" என்று கேட்டாள். வண்டி கெட்ட பிறகு எழுதிக் கொடுத்தனுப்பினார் என்ற பதில் என் நாக்கில் தயாராக இருந்தது, ஒன்பது வருடமாகத் தயாராக இருந்தது. மகள் ஏணி மேலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிம்மதியாக மூச்சு விட்டபடி. "மாட்டின அன்னிக்கே எழுதினாரு. ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டாரு. நான்தான் போகல. ஆசைப்பட்டதும் நான்தான்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று ஒன்பது வருடம் பயந்திருந்தேன். அவள் கத்தவில்லை. பெட்டியை ஈரத்துணியால் எழுத்து அழியாமல் துடைத்து, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், மூன்று சொற்களும் வாசலைப் பார்க்கும்படி வைத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் படாளம் போனாள். திரும்பி வந்தும் நாலு நாள் என்னோடு பேசவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், "இது என்ன?" என்று கேட்டார்கள். "அவரையே கேளுங்க" என்றாள். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

காணும் பொங்கல் அன்று மதியம் வாசலில் ஒரு பைக் நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வர நேரமானது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்த மச்சான் என் காரைச் சுற்றி வந்து டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெட்டி. தன் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, மகள் பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டி அதைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா மாப்ள, இன்னும் சாப்டலியா?" என்றார்.