லாப் கவ்வி வந்த பேத்தை

போன மாசி மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் நடந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று செவலை, நாட்டு நாய். மீன் தலையைப் போட்டால் போதும், தானே வளர்ந்துகொள்ளும். ஆனால் சிடுமூஞ்சி. என் சின்ன மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் உறுமும். இன்னொன்று லாப், லாப்ரடார் என்கிற சீமை நாய். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் என் தம்பி, ஊர் மாறிப்போன அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கி வந்தது. அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும், வெயில் தாங்காது, திருடன் வந்தாலும் வாலாட்டும். ஆனால் பிள்ளை மேலே ஏறி மிதித்தாலும் கோபம் வராது. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு லாப்தான் லாயக்கு, செவலையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை படகு வந்ததும் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தோம். பேத்தை மாட்டினால் அப்படியே மணலில் வீசிவிடுவது எங்கள் வழக்கம். தொட்டால் பந்துபோல் உப்பும் மீன், உள்ளே விஷம். குப்பத்து நாய் எதுவும் அதைத் தீண்டாது. செவலைகூட முகர்ந்துவிட்டு ஒரு தும்மல் போட்டு நகர்ந்தது. லாப்புக்கோ அது பந்து. கவ்விக்கொண்டு போய் என் மகளிடம் கொடுத்திருக்கிறது. அவள் வீச, அது எடுத்து வர, படகுக்குப் பின்னால் விளையாட்டு நடந்திருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை.

நாய் தள்ளாடி வந்து பின்னங்கால் மடங்கி விழுந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வாயெல்லாம் நுரை. பின்னாலேயே மகள், கையில் குடல் சரிந்த பேத்தையோடு.

"இன்னாமே பண்ண அத்த வெச்சிக்கினு?" என்றேன்.

"நானும் கட்ச்சேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் வாயைக் கழுவிவிட்டு, தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பேத்தை விஷம் ஏறினால் முதலில் உதடுதான் மரத்துப்போகும். வழியெல்லாம் அவள் உதட்டைக் கிள்ளி, மரத்துப்போச்சா என்று கேட்டேன். தலையாட்டினாள். கை வலிக்குதா என்றேன். தலையாட்டினாள். மிட்டாய் வேணுமா என்றதற்கும் தலையாட்டினாள். எதை நம்புவது? பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமா விஷமா தெரியவில்லை. கன்னத்தில் அடித்து எழுப்பினேன், வீறிட்டு அழுதாள். அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மாலை வரை மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாய் கடிப்பதைப் பார்த்து, தானும் கடிப்பதுபோல் பாசாங்கு செய்திருப்பாள் என்றார் டாக்டர்.

திரும்பி வந்தால், நாங்கள் மறந்தே போன லாப் படகு நிழலில் கிடந்தது. தின்றதையெல்லாம் கக்கியிருந்தது. உடம்பு அசையவில்லை, கண் மட்டும் என் மகளையே பார்த்தது. மறுநாள்தான் எழுந்து நின்றது.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம நாயிங்களுக்குத் தெரியும்னு வீசிக்கினு இருந்தோம். வெளியூர் நாய்க்கும் கொயந்தைக்கும் இன்னா தெரியும்?"

இப்போது பேத்தையைக் குழி தோண்டிப் புதைக்கிறோம். செவலையும் எங்களோடுதான் இருக்கிறது. லாப் இன்றும் எதையாவது கவ்விக்கொண்டு ஆசையாக மகளிடம் ஓடும், நான் அதற்கு முன்னால் ஓடுவேன். உறுமுகிற நாயிடமிருந்து பிள்ளையைக் காப்பதிலேயே குறியாக இருந்தவள், வாலாட்டிக்கொண்டு வந்த எமனைப் பார்க்காமல் விட்டேனே.